மஞ்சப்பொட்டல் படத்தின் மேற்குக் கோடு

ஆகஸ்ட் 3, வியாழன்

கல்லூரிக்காரர்கள் என் வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் கேட்கிறார்கள். செப்டம்பரில் விழாவாம். 'பங்கேற்பு ஆய்வின் முன்னோடி முனைவர் லில்லி புஷ்பம்' என்று பேனர் அடிப்பார்களாம், பழைய புத்தகத்தையும் மறுபதிப்பு போடுவார்களாம். எழுபது வயதில் ஒருத்தியை முன்னோடி என்பது, இன்னும் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்பதன் மரியாதையான வடிவம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆசை யாரை விட்டது.

எழுத உட்கார்ந்தேன். 1979இல் நாற்பத்திரண்டு பக்கக் கேள்வித்தாளோடு ஊர் ஊராக அலைந்தேன். 'மாதத்தில் எத்தனை முறை பருப்பு சமைக்கிறீர்கள்?' ஒரு அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நீயே ஒரு நம்பரப் போட்டுக்க தாயி, எனக்கு வேல கெடக்கு" என்றாள். நான்கு என்று போட்டுக்கொண்டேன். அந்த மாதிரி நான்குகளுக்குத்தான் எனக்கு முனைவர் பட்டம் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அந்தக் காகிதங்களை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, மஞ்சப்பொட்டல் பெண்கள் கையில் கோலப்பொடியைக் கொடுத்து, "உங்க ஊரை நீங்களே தரையில போட்டுக் காட்டுங்க" என்று கேட்கும் புத்தி வந்தது. அந்த ஒரு படத்துக்குப் பிறகு நான் போகாத நாடில்லை.

இவ்வளவு எழுதுவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் வீட்டுக்காரர் எபனேசர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், முழங்கால் வலியோடு மாடிப்படியில் உட்கார்ந்து மோட்டாரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அது அவருக்குக் கட்டுப்படவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

மதியம் தனபாக்கியம் போன் செய்தாள். 1991இல் மஞ்சப்பொட்டல் தரையில் முதல் கோடு போட்டவள் அவள்தான். அப்போது இருபத்துநாலு வயது, இடுப்பில் பிள்ளை. இப்போது ஊர் மகளிர் குழுத் தலைவி. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் கூப்பிடுவாள். ஆகஸ்டில் கூப்பிட்டால் நல்ல சேதியாக இருக்காது.

"டீச்சர், முப்பத்தெட்டு வீட்லயும் நோட்டீசு ஒட்டிட்டுப் போயிட்டாக. கம்மா உள்வாயில வீடு கட்டியிருக்கமாம். இருவத்தெட்டாம் தேதிக்குள்ள காலி பண்ணணுமாம்."

உள்வாய் என்றால் கண்மாயில் தண்ணீர் தேங்கும் இடம். நீர்நிலைகளில் இருக்கும் வீடுகளை எடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு இருப்பது எனக்கும் தெரியும். அது நல்ல உத்தரவு என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன்.

"உங்க வீடு உள்வாயில இல்லையே, தனபாக்கியம்."

"அதத்தேன் நாங்களும் சொல்றோம். தொண்ணூத்து மூணு மழையில கம்மா நெறஞ்சு கலுங்கு வழியா வெளியே போச்சுல்ல, அப்பக்கூட தண்ணி எங்க வாசலுக்கு வரல. ஆனா அவுக கேக்கல டீச்சர். ஒங்க படத்த வச்சுத்தேன் முடிவு பண்ணுனாகளாம். வீஏஓ சொல்றாரு."

என் படத்தை வைத்தா? அவசரத்தில் ஏதோ தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று தைரியம் சொன்னேன். "நீங்க பேசுனா சரியாயிரும்" என்று அவளும் நிம்மதியாக வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9, புதன்

வாழ்க்கைக் குறிப்பில் மஞ்சப்பொட்டல் பத்தியை எழுதி முடித்தேன். வேப்பமரத்தடியில் பதினாறு பெண்கள். கிழக்கே கண்மாய்க் கரையை வெள்ளைப் பொடியில் போட்டார்கள். மூன்று மடைகளுக்கு மூன்று செங்கல் துண்டு. கலுங்குக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை. வீடுகளுக்குப் புளியங்கொட்டை. யார் வீட்டுக் கொட்டை யார் வீட்டுக்கு முன்னால் என்று அரை மணி நேரம் சண்டை. ஆண்கள் தள்ளி நின்று சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொண்டிருந்ததில்தான்.

பத்தியின் கடைசி வரியை இவரிடம் வாசித்துக் காட்டினேன்: 'அந்தப் படத்தில் ஆய்வாளர் ஒரு கோடுகூடப் போடவில்லை.'

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன பார்வை?"

"ஒண்ணுமில்ல லில்லி. பீன்ஸ் முத்தல்."

ஆகஸ்ட் 11, வெள்ளி

தாசில்தார் இளம்பரிதி என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 2009இல் என்னுடைய ஐந்து நாள் பயிற்சிக்கு வந்தவராம். "நீங்கதான் மேடம் எனக்கு ஜனங்களோட தரையில உட்காரச் சொல்லிக் கொடுத்தீங்க" என்று தன் ஊழியர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார். எனக்கும் உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிடமே அந்தக் குளிர் போய்விட்டது.

ஃபைலைக் காட்டினார். அந்த சர்வே எண்ணின் பழைய புலப்படம் கரையான் அரித்துக் கிடக்கிறது. மேற்கு எல்லை இருந்த இடத்தில் ஓட்டைதான். அடுத்த தாளில் என் புத்தகத்தின் அறுபத்தேழாம் பக்கம், ஜெராக்ஸ். வடக்கு அம்புக்குறி, அளவுகோல், நீர்ப்பிடிப்பைச் சுற்றி முழுதாக வளைந்து ஓடும் கோடு. முப்பத்தெட்டு வீடும் கோட்டுக்கு உள்ளே. மேலே சிவப்பு மையில் 'மக்களே ஒப்புக்கொண்டது' என்று எழுதியிருந்தது.

"இது சர்வே படம் இல்ல தம்பி. இதை வச்சு வீட்டை இடிக்க முடியாது."

"சர்வே படமே இல்லாத இடத்துல இதுதான் மேடம் எங்களுக்குக் கைகொடுத்துச்சு. வேற ஆளு போட்டதுன்னா நானும் சந்தேகப்பட்டிருப்பேன்." உத்தரவிலிருந்து ஒரு வரியை வாசித்தார். 'மக்கள் தரையில் போடும் கோடு பொய் சொல்லாது.' என்னுடைய வாக்கியம், மேற்கோள் குறிகளோடு.

தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினேன். கோர்ட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நாள் இருபத்தெட்டு என்றார். கெட்டவர் இல்லை. வாசல் வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 12, சனி

மோட்டார் சரியாகிவிட்டது. வேறொன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஒரு யோசனை தோன்றிற்று. யோசனை என்ன, என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான். திரும்பவும் தரையில் படம் போடச் சொல்வது. தாலுகா ஆபீஸ் சர்வேயரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு கிலோ கோலப்பொடி வாங்கிக்கொண்டு மஞ்சப்பொட்டல் போனேன். மதுரையிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். கண்மாய் காய்ந்து கிடக்கிறது, ஆடுகள் நடுவில் மேய்கின்றன.

"கோலப்பொடி டீச்சர் வந்துட்டாக" என்று ஊரே கூடிவிட்டது. பழைய பதினாறு பேரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். உட்கார்ந்து போட ஆரம்பித்தார்கள். கை மறக்கவில்லை. கரை, மடைகள், கலுங்கு, வீடுகள் எல்லாம் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டன. தனபாக்கியம் பொடியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். முடிந்தது.

மேற்குப் பக்கம் கோடு இல்லை. கரை இரண்டு முனையிலும் அப்படியே திறந்து நிற்கிறது.

"தண்ணி எதுவரைக்கும்மா? அதைப் போடுங்க" என்றார் சர்வேயர்.

"அதுக்கு எங்கிட்டுப் போயி கோடு போடுறது சார்? ஒரு வருசம் அந்தப் பனை வரைக்கும் வரும். ஒரு வருசம் மடையத் தாண்டாது. வந்தாத் தண்ணி, போனா வெள்ளாம. இங்ஙனதேன்னு எப்புடிச் சொல்ல?"

"முப்பது வருசத்துக்கு முன்ன சொன்னீங்களே. புக்குல சுத்தி முழுசாப் போட்டிருக்கே. அப்ப இருந்த கோடு இப்ப எங்க போச்சு? வீடு போகப் போகுதுன்னதும் மழுப்புறீங்க." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அன்னைக்கு ஆதாயம் இல்லாம போட்டதுதான் மேடம் சத்தியம். நீங்களே எழுதியிருக்கீங்க."

ஒன்பது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். தனபாக்கியமும் பார்த்தாள். வெயில் தலைக்கு ஏறி மயக்கமாக வந்தது. தண்ணீர் கேட்டேன். யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் சர்வேயருக்குப் பதில் சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்பதால்தான்.

ஆகஸ்ட் 16, புதன்

1991 நோட்டுப் புத்தகத்தைத் தேடினோம். தரையில் போட்டதை அன்றே பென்சிலால் பார்த்து எழுதிக்கொண்ட நோட்டு. பரணில் ஏற வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காமல் இவர் ஸ்டூலில் ஏறினார். முழங்காலை மடக்க முடியாமல் அரை மணி நேரம் மேலேயே நின்றார். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்து இறக்கிவிட்டார்.

நோட்டு கிடைத்தது. அதில் பிரயோஜனமாக ஒன்றும் இல்லை. இரவுக்கு உப்புமா.

ஆகஸ்ட் 17, வியாழன்

நேற்று எழுதியது பொய். இந்த டைரியை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் பொய் எழுதியிருக்கிறேன்.

நோட்டில் மேற்குப் பக்கம் கோடு கிடையாது. திங்கட்கிழமை எப்படி விட்டார்களோ அப்படியேதான் அன்றும் விட்டிருக்கிறார்கள்.

கோட்டைப் போட்டது நான். 1992 பிப்ரவரி, இதே சாப்பாட்டு மேஜை. புத்தகத்தைப் போடவிருந்த வெளிநாட்டுப் பதிப்பாசிரியர் கடிதம் எழுதியிருந்தார். படம் அருமை, ஆனால் ஏரி ஒரு பக்கம் மூடாமல் இருக்கிறது, வாசகர்களுக்குப் புரியாது, அளவுகோலும் திசையும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று. திரும்ப ஊருக்குப் போய்க் கேட்க ஒரு நாள் போதும். பஸ் இருந்தது. பரீட்சைத் தாள் திருத்தும் வேலையும் இருந்தது. இவருடைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து வளைவுச் சட்டத்தை எடுத்து, கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. வளைவு அழகாக வருவதற்கு வீடுகளுக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. போயிற்று. இவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இங்கதான் போகுதுன்னு யார் சொன்னா?" என்று கேட்டார். "உத்தேசம்தான், இதை வச்சு யாரு என்ன செய்யப் போறா" என்றேன்.

பிறகு முப்பது வருடம், எண்ணற்ற பேருக்கு, எத்தனையோ நாடுகளில், ஒரே பாடம்: மக்களின் படத்தில் கைவைக்காதே. ஊருக்குத்தான் உபதேசம். வருடங்கள் போகப்போக அந்தக் கோட்டை நான் போட்டேன் என்பதே எனக்கு மறந்துபோனது. மறந்தது என்று எழுதுகிறேன். அதுவும் எவ்வளவு நிஜம் என்று தெரியவில்லை.

வெட்கமாக இருக்கிறது. அதைவிட, பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். "அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கத்தினேன். "பீன்ஸ் நறுக்கும்போது சொல்லத்தான் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டேன்" என்றார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன். முத்திரைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பென்சில் நோட்டையும் எடுத்துக்கொண்டு, சாட்சிக்கு இவரையும் கூட்டிக்கொண்டு. இளம்பரிதி முழுவதையும் நிதானமாகப் படித்தார். பிறகு எங்கள் இருவருக்கும் டீ சொன்னார்.

"மேடம், உங்க மனசு எனக்குத் தெரியும். அந்த ஜனங்களுக்காகப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க."

"இல்ல தம்பி. நிஜமாவே நான்தான் போட்டேன்."

"நீங்க போட்டிருக்க மாட்டீங்க மேடம்." மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். பயிற்சியில் நான் சொல்லச் சொல்ல எழுதியதாம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'ஆய்வாளர் ஒரு கோடுகூடப் போடக் கூடாது. போட்டால் அது திருட்டு.' அடியில் இரண்டு முறை கோடிட்டிருக்கிறார். "இதைச் சொல்லிக்கொடுத்தவங்க செய்வாங்களா? செஞ்சிருந்தா முப்பது வருசம் சும்மா இருந்திருப்பீங்களா?"

நோட்டைக் காட்டினேன். பாதியில் விட்ட ஸ்கெட்ச் என்றார். இவரைக் காட்டினேன். "சார் உங்க வீட்டுக்காரர் மேடம்" என்றார் மரியாதையாக. மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். இடிக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் மேலே போய்விட்டது, தன் கையில் இப்போது ஒன்றும் இல்லை என்றார். டீயில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு வந்தோம்.

நான் நல்லவள் என்பதை என்னால் பொய்யாக்க முடியவில்லை. இதைவிட ஒரு கையாலாகாத நிலை இருக்குமா.

ஆகஸ்ட் 23, புதன்

வக்கீலைப் பார்த்தேன். தடை வாங்கலாம், ஆனால் புலப்படம் வேண்டும் என்கிறார். கரையானிடம்தான் கேட்க வேண்டும். மனு போட்டாலும் வழக்கு எடுக்கப்படுவது செப்டம்பர் நாலுக்கு மேல்தானாம். போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

கல்லூரிக்குப் போன் செய்து விழா வேண்டாம், மறுபதிப்பும் வேண்டாம், அந்தப் படம் தப்பு என்றேன். "உங்க தன்னடக்கம் இருக்கே மேடம்!" என்று முதல்வர் சிரித்தார். அட்டை அச்சாகிவிட்டதாம். அட்டையில் போட்டிருப்பது அந்தப் படம்தானாம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

தூக்கமில்லை. இவருடைய முழங்கால் வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலை முதல் பஸ்ஸில் மஞ்சப்பொட்டல்.

வண்டி வந்து நொறுக்குவதற்கு முன்னால் ஜனங்களே பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடுகளைக் கையிலிருந்து கை மாற்றி அடுக்குகிறார்கள். கதவு, நிலை, ஜன்னல் கம்பி, சுவிட்ச் போர்டு. பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைக்காட்டில் ஆளுக்கு ஒன்றரை சென்ட் தருகிறார்களாம். ஆட்டை எங்கே மேய்ப்பது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் எப்படிப் போவது, யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் என்னை வாங்க என்றார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருக்கலாம்.

தனபாக்கியம் தன் வீட்டுக் கதவின் கீல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நின்றவாக்கில் சொன்னேன்.

"தனபாக்கியம், அந்த மேற்குக் கோடு நீங்க போட்டது இல்ல. நான் போட்டேன். வீட்டுல உக்காந்து, உங்களைக் கேக்காம."

"தெரியும் டீச்சர்" என்றாள், திருப்புளியை நிறுத்தாமல்.

"யார் சொன்னா? தாசில்தாரா?"

"யாரும் சொல்லல. நீங்க புக்கு அச்சாயி வந்ததும் ஒன்னு கொண்டாந்து காட்டுனீகல்ல. மிட்டாயெல்லாம் குடுத்தீக. அன்னைக்கே பாத்தோம். எழுத்துத் தெரியாட்டியும் எங்க ஊரு எங்களுக்குத் தெரியாதா? பேச்சியக்காதேன் மொதல்ல சொல்லுச்சு, 'என்னடி, தண்ணிக் கோடு நம்ம வீட்டுக்கு மேக்கால ஓடுது, நம்மள உள்ள தள்ளிட்டாகளே'ன்னு. சிரிச்சுக்கிட்டோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

அவள் கழற்றிய ஆணிகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்தீக டீச்சர். சீமையில அச்சடிச்சதுன்னு தடவித் தடவிக் காட்டுனீக. அதுல போயி தப்புன்னு எப்புடிச் சொல்ல?"

"நான்தான் எப்பவும் கேப்பேனே. தப்பு இருந்தாச் சொல்லுங்கன்னு, ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கேனே."

"கேப்பீக. எத்தனையோ கேப்பீக." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "அன்னைக்கு மட்டும் நீங்க கேக்கல."

கதவு கழன்று சாய்ந்தது. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். வேம்பில் செய்தது, நல்ல கனம். இரண்டு பேருமாக அதை வண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம்.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஒன்பதரைக்கு ஆரம்பித்தார்கள். பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. இளம்பரிதி எனக்கு நிழலில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். போட்டார்கள்.